தோப்பிக்குப் போர்வை: ஜவ்வாது மலையடிவாரத்தில் கள் விளைந்த கதை

இன்னைக்கு பீரைப் பற்றிப் பேசப் போறோம். ஐஸ் பெட்டியில் வைத்து எடுக்கிற பீர் இல்லை. குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பீர்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் அவர்களுக்கு ஒரே கவலைதான்: புளித்துக்கொண்டிருக்கிற வாளி குளிர்ந்துவிடக் கூடாது. அதற்காக வாளியைச் சுற்றிக் கட்டுகிற மின்சாரப் பட்டை, அடியில் விரிக்கிற சூட்டு விரிப்பு, தெர்மோஸ்டாட் எல்லாம் கடையில் கிடைக்கிறது. அதெல்லாம் வாங்காதவர்கள் பழைய கம்பளியைச் சுற்றி மூலையில் வைத்துவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு என்ன தோணும்? இது குளிர் தேசத்துக்காரன் பிரச்சினை, வேலூர் வெயிலில் இருக்கிற நமக்கு எதற்கு என்று தோணும். ஆனால் அதே வேலூரிலிருந்து கொஞ்ச தூரம் போய் மலை ஏறினால் கதை மாறுது. ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு ஊர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில். அங்கே மார்கழி இரவில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. மனுஷனுக்கே போர்வை வேணும் என்றால், பானைக்குள் இருக்கிற ஈஸ்ட்டுக்கு வேண்டாமா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளைத் திரும்பப் படித்தேன். அதில் கிடைத்ததைத்தான் இன்றைக்குச் சொல்லப் போறேன்.

முதலில், சூடு எதற்கு?

பீர் என்றால் என்ன? பனை, தென்னையில் இறக்குகிற கள்ளில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. பாளையைச் சீவினால் இனிப்பு நீர் வரும், ஈஸ்ட் வந்து உட்கார்ந்தால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். தானியத்தில் அப்படி இல்லை. அரிசியிலும் சாமையிலும் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை அப்படியே சாப்பிட முடியாது. முதலில் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க வேண்டும். முளைவிட்ட தானியத்தில் அந்த வேலையைச் செய்கிற நொதி இருக்கிறது. முளையைக் காயவைத்து இடித்துக் கஞ்சியில் கலந்தால் கஞ்சி இனிக்க ஆரம்பிக்கும். அந்த இனிப்பைத் தின்று ஈஸ்ட் சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடும். தானியத்திலிருந்து இந்த வழியில் வருவதற்குப் பொதுப் பெயர் பீர்.

இந்த இரண்டு வேலைக்கும் சூடு வேண்டும். ஏல் வகை பீருக்கு ஐரோப்பாவில் 18-லிருந்து 24 டிகிரி செல்சியஸ் வைத்துக்கொள்கிறார்கள். நம்ம ஊர் மாதிரி இடங்களில் பழகிய காட்டு ஈஸ்ட்டுகள் 25-லிருந்து 32 டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும். 10, 12 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகள் சுருண்டு படுத்துவிடும். சாகாது, தூங்கும். அது தூங்குகிற நேரத்தில் பானை சும்மா இருக்காது. பூசணமும் வேறு கிருமிகளும் உள்ளே புகுந்துவிடும். முந்திக்கொண்டவர்களுக்குத்தான் பானை சொந்தம். அதனால் முதல் ஒன்றிரண்டு நாள் சூடு ரொம்ப முக்கியம்.

இன்னொரு விஷயம். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே வெப்பத்தை விடுகிறது. ஒரு சின்னக் கணக்குச் சொல்றேன். பத்து லிட்டர் கூழில் அரைக் கிலோ சர்க்கரை முழுவதும் புளித்து முடிந்தால், அந்த வெப்பம் வெளியே போகாமல் தேங்கினால், கூழின் சூடு ஏறத்தாழ 6 டிகிரி உயரும். இதனால்தான் கம்பளி சுற்றினாலே போதும் என்கிறார்கள். கம்பளி சூடு கொடுப்பதில்லை. பானை தானே உண்டாக்குகிற சூட்டை ஓடிப்போகாமல் பிடித்து வைக்கிறது. அடுப்பு வேண்டாம், போர்வை போதும். இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

செங்கத்து மன்னனைப் பார்க்கப் போன வழி

ஜவ்வாது மலையின் காலடியில் இருக்கிற ஊர் செங்கம். சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா, பல்குன்றக் கோட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அவனைப் பாடிய பாட்டு மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். ஜவ்வாது மலையில் பிறக்கிற சேயாறும், இன்றைக்குப் பர்வதமலை என்று சொல்கிற நவிர மலையும் அந்தப் பாட்டில் வருகின்றன. ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முன்னால் இந்த மலைப் பக்கத்தில் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று கேட்டால், முதலில் கையில் எடுக்க வேண்டிய பாட்டு இதுதான்.

பரிசு வாங்கித் திரும்பி வருகிற கூத்தர், எதிரே வருகிற இன்னொரு கூத்தருக்கு வழி சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது. இந்த வழியாகப் போ, இங்கே பன்றிப் பொறி இருக்கும், அங்கே பாம்பு இருக்கும், இந்தச் சிறுகுடியில் இன்னது கொடுப்பார்கள் என்று நடந்து நடந்து சொல்வது. மலையிலிருந்து தொடங்கி, காட்டைத் தாண்டி, வயல்வெளிக்கு வந்து, கடைசியில் நன்னன் ஊர் வரைக்கும் போகிற பயணம்.

இந்த வழியில் குடி எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். மலையில் இருக்கிற சிறுகுடியில் கொடுப்பது மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள்ளின் தெளிவு. அதோடு நறவும் உண்டு. மறுநாள் விடியலில் பழைய போதையின் மயக்கத்தைத் தீர்க்க என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும் புலவர் சொல்கிறார். விருந்தாளியை நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள்!

அதே பாட்டில் கீழே இறங்கி வயல்வெளிக்கு வந்தால், காலை இளவெயிலில் நெற்களத்துக்கு நெற்களம் தேறல் கிடைக்கிறது. ஆனால் இந்த முறை அது வருவது மூங்கிலில் இருந்து இல்லை, குடத்திலிருந்து. மேலே மூங்கில், கீழே குடம். ஒரே பாட்டு, ஒரே நாடு. உயரம் மாறும்போது பாத்திரமும் மாறுது.

மலையில் மூங்கில் கிடைக்கிறது, கீழே களிமண் கிடைக்கிறது, அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான பதில்தான். பாத்திரத்தை முதலில் தீர்மானிப்பது கையில் கிடைக்கிற பொருள்தான். ஆனால் ஒரு பாத்திரம் தலைமுறை தலைமுறையாக நிலைப்பதற்கு, அது வேலையையும் சரியாகச் செய்யணும். மலையில் மூங்கில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், செய்முறையையே வரி வரியாகச் சொல்கிற இன்னொரு பாட்டைப் பார்த்துவிடலாம்.

காஞ்சிப் பக்கத்துச் செய்முறை

அது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. செங்கத்திலிருந்து காஞ்சி ரொம்ப தூரம் இல்லை. சேயாறு போய்ப் பாலாற்றில் கலக்கிற நாடுதான் அது. அந்தப் பாட்டில் வலைஞர் குடியிருப்பில் கள் செய்கிற விதம் படிப்படியாக வருகிறது. நான் என் வார்த்தையில் சொல்றேன்.

தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டுப் பாத்திரத்தில், ‘பிழா’ என்று பெயர், அதைக் கொட்டி ஆறவிட வேண்டும். பிறகு நல்ல அடையை அதில் கலக்க வேண்டும். உரைகாரர்கள் இந்த அடையை நெல் முளையை இடித்தது என்கிறார்கள். களி இனிப்பேறும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் விட வேண்டும். வலுவான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

இதை ஒரு பீர் காய்ச்சுகிறவர் படித்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் இதில் எல்லாமே இருக்கிறது. வெந்த மாவுச்சத்து, முளைத் தானியம், இனிப்பேறும் கட்டம், பச்சை வாடை போகும் கட்டம், வடிகட்டல். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இரண்டு பாத்திரங்கள். ஆற வைக்க அகன்ற வாய், விளைய வைக்கச் சாடி. அகன்ற வாய் சூட்டை விடுவதற்கு, சாடி சூட்டைக் காப்பதற்கு. கொதிக்கிற களியில் முளைமாவைப் போட்டால் நொதி கெட்டுவிடும். 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட்டும் செத்துவிடும். முழுக்க ஆறிவிட்டால் தொடக்கம் மந்தமாகும். இதமான சூட்டில் கலந்து சாடிக்குள் போட்டு மூட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் பாத்திரத்தின் வாயே தெர்மாமீட்டர்.

அந்த அடைக்குப் புலவர் சொல்கிற உவமை இன்னும் அழகு. புற்றுக்குள் இருக்கிற குரும்பி மாதிரி இருக்குமாம். குரும்பி என்பது கரையான் தன் புற்றுக்குள் கட்டுகிற, பஞ்சு போலத் துளைத்துளையான கூடு. அந்தக் கூட்டில் கரையான் காளான் வளர்க்கிறது. அந்தக் காளானுக்காகப் புற்றின் உள்ளே ஏறத்தாழ 30 டிகிரி சூட்டை நிலையாகக் காக்கிறது. புலவர் சொன்னது தோற்றத்தை மட்டும்தான். ஆனாலும் பூச்சி தன் வீட்டில் சூடு காத்து விளைவிக்கிற ஒரு பொருளை, மனிதர் தன் வீட்டில் சூடு காத்து விளைவிக்கிற பொருளுக்கு உவமை சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஒரு சந்தோஷம்.

இதே பாட்டில் வேறொரு இடத்தில், மறவர்கள் வீட்டிலேயே சமைத்த தோப்பியைக் குடிக்கிறார்கள். தோப்பி என்றால் நெல்லால் செய்த கள். அந்தச் சொல்லை இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. அகநானூற்றில் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, தோப்பிக் கள்ளும் ஆட்டுப் பலியும் படைக்கிற காட்சி வருகிறது. செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டில் நடுகல்லுக்கே பேர்போன வட்டாரம். தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனிப் புத்தகமே போட்டிருக்கிறது. ஆக, தோப்பி போதைக்கான பொருள் மட்டும் இல்லை. இறந்தவனுக்கு வைக்கிற படையலும் அதுதான்.

மூங்கில், சாடி, மண்

இப்போது கணக்குக்கு வருவோம். காஞ்சிச் சமவெளியில் இரண்டு பகல் இரண்டு இரவு போதும். அங்கே இரவிலும் சூடு இருக்கும். அதே சாடியை ஜவ்வாது மலையில் மார்கழியில் வைத்தால்? சூடு 10 டிகிரி குறைந்தால் இந்த மாதிரி உயிர்வேலைகள் ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு வந்துவிடும். இரண்டு நாள் வேலை நாலு நாள், ஐந்து நாள் ஆகும்.

அதுவும் மண்பானை என்றால் இன்னொரு சங்கடம். மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானைச் சுவர் வழியாக நீர் கசிந்து ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெயில் காலத்துத் தண்ணீருக்கு அது வரம், குளிர்காலத்துக் கள்ளுக்கு அது சாபம். காற்று வீசுகிற மலையில் கசிகிற பானையை வெளியே வைத்தால், பானை தன் சூட்டைத் தானே விரட்டிவிடும்.

மூங்கில் அப்படி இல்லை. அதன் வெளித்தோல் வழவழப்பு, கசியாது. மண்ணைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். ஒவ்வொரு கணுவும் ஒரு மூடி. ஒரு குறையும் இருக்கிறது, அதையும் சொல்லிடறேன். குழாய் ஒல்லியானது. உள்ளே இருக்கிற அளவு குறைவு, வெளிப்பரப்பு அதிகம். அதனால் தனிக் குழாய் சீக்கிரம் ஆறும். பல குழாய்களைக் கட்டாகச் சேர்த்து, வீட்டுக்குள் காற்றுப் படாத இடத்தில் வைத்தால் அந்தக் குறை தீரும். அகநானூற்றில் இன்னொரு பாட்டு: மூங்கில் குழாயில் முற்றவிட்ட தோப்பியைக் குறவர்கள் மலைத் தெய்வத்துக்குப் படைத்துவிட்டுக் குடிக்கிறார்கள். அதன் கடுமைக்குப் பாம்பின் நஞ்சுதான் உவமை. குடித்த மயக்கத்தில் தினைப்புனக் காவலை மறந்துவிடுகிறார்கள், யானை வந்து தினையைத் தின்றுவிடுகிறது. மலையில் கள் சரியாகப் புளிக்காமல் போயிருந்தால் அந்த யானைக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது!

மூன்றாவது வழி மண்ணுக்குள் புதைப்பது. புறநானூறு 120-ஆம் பாட்டில், பாரியின் பறம்பு மலை நாட்டைப் பற்றிக் கபிலர் சொல்லும்போது, நிலத்தில் புதைத்து முதிர்ந்த தேறல் வருகிறது. இது ஏன் நல்ல யோசனை தெரியுமா? மண்ணில் அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழம் போனால் பகல் இரவு வித்தியாசமே தெரியாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக்குப் பக்கமாக ஒரே சூடு நிலைத்து நிற்கும். காற்று இல்லாததால் பானைச் சுவரிலிருந்து ஆவியாவதும் நின்றுவிடும். காவலூர் உயரத்துக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழே திருவண்ணாமலைச் சமவெளியின் சராசரி ஏறத்தாழ 28 டிகிரி. 725 மீட்டருக்கு நாலு, நாலரை டிகிரி கழியும். 23, 24 வரும். வெளிநாட்டுக்காரர் தெர்மோஸ்டாட் வைத்துப் பிடிக்கிற அதே 18-24க்குள் வந்துவிடுகிறது! குழி தோண்டுகிற செலவைத் தவிர வேறு செலவில்லை.

மலைக்கு மலை ஒரே யோசனை

நம்ம ஊரில் பாட்டில் மட்டும் இருக்கிற இந்த வேலை, இந்தியாவிலேயே வேறு மலைகளில் இன்றும் கையில் இருக்கிறது. நாகாலாந்தில் அங்கமி நாகர்கள் ஜுத்தோ என்ற அரிசி பீரை முளைவிட்ட நெல்லால்தான் செய்கிறார்கள், பெரும்பாணாற்றுப்படை அடை மாதிரியே. சிக்கிமில் கேழ்வரகை வேகவைத்து ஆறவிட்டு, மார்ச்சா என்ற புளிப்பு வில்லையைப் பொடித்துக் கலந்து, சூரல் இலை போலப் பெரணி இலை விரித்த மூங்கில் கூடையில் அடைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி வைப்பார்கள். சில நாள் கழித்துப் பானைக்கு மாற்றுவார்கள். குடிக்கும்போது தோங்பா என்ற மூங்கில் குவளையில் புளித்த தானியத்தைப் போட்டு வெந்நீர் ஊற்றி உறிஞ்சுவார்கள். சிறுதானியம், மூங்கில், போர்வை. ஜவ்வாது மலையில் இன்றும் முக்கியப் பயிர் சாமை என்பதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் க்வைக் என்று ஒரு பரம்பரை ஈஸ்ட் உண்டு. அதை 30 டிகிரிக்கு மேல், சில வீடுகளில் 40 வரை சூட்டில் கலந்து, பாத்திரத்தைப் போர்த்தி வைப்பார்கள். ஜார்ஜியாவில் க்வெவ்ரி என்ற பெரிய மண்சாடியைக் கழுத்து வரை நிலத்தில் புதைத்துத் திராட்சை மது செய்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஜெர்மனியில். அங்கே பிரச்சினை சூடு அதிகமாவது. பவேரியாவில் 1553-இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சவே கூடாது என்று தடை போட்டார்கள். குளிரில் மெல்லப் புளிக்கிற லாகர் அங்கே நிலைத்தது. 1870-களில் கார்ல் வான் லிண்டே குளிர்பதன இயந்திரத்தைச் செய்தபோது, அதை ஆசையாக வாங்கியவர்கள் பீர் ஆலைக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயர் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பீர் ஆலை நடத்தியதும் குளிரைத் தேடித்தான். வெள்ளைக்காரர் குளிருக்காக மலை ஏறினார். மலையில் இருந்தவரோ அதே குளிரிலிருந்து தன் பானையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

போர்வையைப் பறித்த சட்டம்

அப்படியானால் நம்ம மலைகளில் இந்தக் கை எங்கே போனது? ஒரே நாளில் போகவில்லை. பனங்கள்ளும் பிறகு காய்ச்சி வடித்த சாராயமும் பல நூற்றாண்டாகத் தானியக் கள்ளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தன. ஆனால் வீட்டுப் பானையைக் குற்றப் பொருளாக்கியது சட்டம். 1886-இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. மது செய்வதற்கு அரசாங்க உரிமம் வேண்டும், வரி கட்ட வேண்டும். மது அரசுக்குப் பெரிய வருமானம் ஆகிவிட்டது. வரி கட்டாத வீட்டுப் பானை அந்த வருமானத்துக்கு எதிரி.

பிறகு மதுவிலக்கு. ராஜாஜி ஆட்சியில் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1938-இல் சித்தூர், கடப்பை. 1939-இல் வட ஆற்காடு, அதாவது ஜவ்வாது மலையும் உள்ளே வந்தது. உலகப் போர்க் காலத்தில் தளர்ந்து, 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் விலக்கினார்கள், 1974-க்குள் மறுபடி கொண்டுவந்தார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987-இலிருந்து கள்ளும் சாராயமும் தடை. ஆலையில் செய்த பீரும் பிராந்தியும் மட்டும் சட்டப்படி கிடைக்கும். கடை திறக்கலாமா மூடலாமா என்று ஆட்சிக்கு ஆட்சி மாறியது. வீட்டில் காய்ச்சுவதற்கு மட்டும் யாரும் கதவு திறக்கவில்லை. இன்றைக்கும் தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம்தான். கேட்டுட்டு யாரும் முயற்சி பண்ணிடாதீங்க.

மதுவிலக்கின் பின்னால் நியாயமான காரணம் இருந்தது. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்த பெண்கள் அதற்காகப் போராடினார்கள், இன்றும் போராடுகிறார்கள். அவர்கள் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தடை வரும்போது எது முதலில் சாகிறது என்பதைப் பார்க்கணும். பீர் மாதிரிப் பானம் பெரிய இடத்தை அடைக்கும், வாசனை காட்டிக்கொடுக்கும், சில நாளில் கெட்டுப்போகும். ஒளித்து வைக்க முடியாது. வடித்த சாராயம் சின்னக் கேனில் அடங்கும், கெடாது, ஒரு வாய் போதும். ஒளிந்து விற்கிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? மென்மையானது செத்தது, கடுமையானது பிழைத்தது.

இன்னொரு கசப்பான விஷயம். ஜவ்வாது மலை, கல்வராயன் மலையில் போலீஸ் சாராய ஊறலைக் கண்டுபிடித்துக் கொட்டி அழித்ததாக அடிக்கடி செய்தி படிக்கிறோம். ஊறல் என்பது வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்க வைப்பது, பிறகு காய்ச்சி வடிப்பதற்காக. அதை எங்கே வைத்திருந்தார்கள் என்று செய்தியில் பாருங்கள். ஓடைப் பக்கம், பேரலில், மண்ணுக்குள் புதைத்து. ஒளிப்பதற்காகத்தான் புதைக்கிறார்கள். ஆனால் கபிலர் காலத்தில் தேறலை முதிர வைத்த அதே மண், பேரலுக்குள் இருப்பதற்கும் சூடு காக்கிறது. அறிவில் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது, மோசமான வேலைக்கு. இதை வைத்து மலையில் வாழ்கிற எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பது அநியாயம். அவர்களில் பெரும்பாலோர் சாமையும் புளியும் தேனும் விற்றுப் பிழைக்கிறவர்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புளித்த தானியம் இல்லை. தொழிற்சாலைகளில் பயன்படுகிற மெத்தனால். ஈஸ்ட் தானியக் கூழைப் புளிக்க வைக்கும்போது ஆளைக் கொல்கிற அளவு மெத்தனால் வருவதில்லை. அதற்காக வீட்டுக்கு வீடு தோப்பி காய்ச்சியிருந்தால் சாவு நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. குடிப்பது என்ன, எதிலிருந்து வந்தது, யார் கை பட்டது என்று குடிக்கிறவருக்குத் தெரிந்த ஒரு காலம் இருந்தது. அது போய்விட்டது என்றுதான் சொல்றேன்.

மிச்சம் எங்கே இருக்கிறது

முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. அந்த அறிவு குடியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குள் தங்கிவிட்டது. மார்கழியில் இட்லி மாவு பொங்கவில்லை என்றால் எங்க அம்மா என்ன செய்வாங்க? மாவைக் கையால் கலக்குவாங்க, தூக்குவாளியில் ஊற்றி மூடுவாங்க, பழைய புடவையைச் சுற்றி அடுப்படிப் பக்கம் வைப்பாங்க. ஊட்டியில் இருக்கிறவர்கள் அரிசி மூட்டைக்குள் பாத்திரத்தைப் புதைப்பதும், கனடாவில் இருக்கிற நம்ம ஆட்கள் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைப்பதும் இதே வேலைதான். அடுப்பு வேண்டாம், போர்வை போதும் என்றேனே, அதுதான். இட்லி மாவைப் பொங்க வைக்கிற பாக்டீரியாவுக்கும் 30 டிகிரி பக்கம்தான் பிடிக்கும்.

ஆக, சூடு காக்கிற கை நம்மிடம் இருக்கிறது. தோப்பி என்ற சொல் இல்லை, அந்த அடை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர் இல்லை. செய்முறையைப் பாட்டில் படிக்கலாம். ஆனால் களியில் விரலை வைத்து ‘இப்போ கலக்கு’ என்று சொல்கிற ஆள் வேண்டும். பாட்டு 1,800 வருஷம் தாங்கும், அந்த விரல் இரண்டு தலைமுறை பழகாமல் விட்டால் போய்விடும். சட்டம் ஒரு பொருளைத் தடை செய்யும்போது அதோடு சேர்ந்து எந்தக் கை அழிகிறது என்று யாராவது எழுதி வைக்கணும். நாகாலாந்திலும் சிக்கிமிலும் இப்போது ஆய்வாளர்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நம்ம மலைகளில் பெரியவர்கள் நினைவில் உணவு, மருந்து, தேன், விதை என்று என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் கேட்டு எழுதும்போது, பானையைப் பற்றியும் கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேட்கலாம். குற்றமாகப் பார்க்காமல், வரலாறாகக் கேட்கலாம்.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ குளிர்காலத்தில் மாவு, கூழ், மோர் புளிக்க வைப்பதற்கு என்ன வழி வைத்திருந்தார்கள்? தவிட்டுக்குள் புதைத்தார்களா, வைக்கோலில் வைத்தார்களா? தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்க. வேறொரு எபிசோடில் சேர்த்துப் பேசுவோம்.